ஐந்து இணையதளமும் ஒரு குறட்டையும்

முதலில் சத்தம்தான் கேட்டது. 'கொர்ர்ர்...' என்று, மேடேற முடியாத லாரி மாதிரி. எந்தக் கழுதை இப்படிக் குறட்டை விடுகிறது என்று கோபமாகக் கண்ணைத் திறந்தேன். திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

தியேட்டரில் முன்வரிசைக்காரர்கள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் என் மனைவி ரோசம்மா, யாரோ எவரோ என்பதுபோல் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள்.

நான் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவள் பாலர் பள்ளியில் பகல் சமையல். வாரத்தில் ஆறு நாள் நாங்கள் சந்திப்பது எங்கள் ஃபேரர் பார்க் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் வாசலில். அவள் இறங்குவாள், நான் ஏறுவேன். "சோறு இருக்கு" என்பாள். "சரி" என்பேன். அன்றைய தாம்பத்தியம் முடிந்தது.

அதனால்தான் மாதம் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஒரு படம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எந்தப் படம் என்று சொல்லும் உரிமை, கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உரிமை. அதற்கும் அன்றைக்கு ஆபத்து வந்தது.

"நாலு மாசம், நாலு படம். நாலுலயும் தூங்கிட்டீங்க. இனிமே படத்த நான் சொல்றேன் லா."

"நான் எங்க தூங்குனேன்? படம் தூங்க வச்சுது. விமர்சகனுங்க நாலு ஸ்டாருன்னு எழுதி ஏமாத்திட்டானுங்க."

"அப்போ குறட்டை விட்டதும் அவனுங்கதானா?"

இம்மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலிருக்க இருபத்திரண்டு வருடமாகப் பழகியிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் சபதம் எடுத்தேன். இந்த மரியஅந்தோணி இனி எவனோ ஒருவன் பேச்சை நம்பமாட்டான். ஐந்து விமர்சன இணையதளங்களை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து, ஒப்பிட்டு, நோட்டில் எழுதி, அதன் பிறகே ஒரு படம்!

ஆராய்ந்தேன். முதல் தளம் எல்லாப் படத்துக்கும் நாலு ஸ்டார் கொடுத்தது. விமர்சனத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் படத்தின் விளம்பரம் மின்னியது. இரண்டாவது தளத்தில் எழுதுகிறவருக்கு இந்த உலகத்தில் எதுவும் பிடிக்கவில்லை. யாராவது அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டால் நாட்டுக்கு நல்லது. மூன்றாவதில் ரசிகர்களின் ஓட்டு. படம் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போதே பத்துக்குப் பத்து. நான்காவது ஒரு இயந்திரம். நாம் பார்த்ததை வைத்து அதுவே பரிந்துரைக்கும். எப்போதோ தங்கை மகளுக்கு ஒரு முயல் கார்ட்டூன் போட்டுக் காட்டிய பாவத்துக்கு, ஐம்பது வயதுக்காரனுக்கு வரிசையாக முயல்களாக அனுப்பியது.

ஐந்தாமவர்தான் மனிதர். ஒரு கப்பல் படத்தைப் பற்றி எட்டுப் பக்கம். முதல் காட்சியிலிருந்து கேப்டன் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுகிற கடைசிக் காட்சிவரை ஒன்று விடாமல் எழுதியிருந்தார். படம் பார்க்காதவனால் இவ்வளவு எழுத முடியுமா? நம்பினேன். அப்படியே நோட்டில் இறக்கினேன்.

"இவ்வளவு பாடு எதுக்கு? எதிர்வீட்டு ருக்ஸானா அக்காவக் கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிடுவாங்க" என்றாள் ரோசம்மா.

ருக்ஸானா அக்கா வாசலிலேயேதான் நின்றிருந்தார். எல்லாப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுகிறவர்.

"அந்தக் கப்பல் படமா? மூணு தடவ பாத்ரூம் போனேன்மா. இன்னொண்ணு வந்திருக்கு பாரு, ரெண்டு அக்கா தங்கச்சி சாப்பாட்டுக்கடை நடத்துற கதை. அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

"இதெல்லாம் ஒரு விமர்சனமாக்கா?"

"தம்பி, உங்க ஆளுங்க பொய் எழுதலாம். என் உடம்பு பொய் சொல்லாது லா."

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. "ரோசம்மா, பந்தயம்! கப்பல் படத்துக்கே போறோம். முடிஞ்சதும் முழுக்கதையையும் நான் சொல்றேன். சொல்லிட்டா உரிமை எனக்கே. தப்பாச் சொன்னா காலத்துக்கும் உனக்கு."

எட்டுப் பக்கம் மனப்பாடமாக இருக்கிறது. நான் தூங்கினால் என்ன, செத்தே போனால் என்ன?

"சரிங்க" என்றாள் உடனே. "டிக்கெட்ட நானே போன்ல எடுத்துடுறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை வேலை முடிந்து வந்து, துணி காயப்போட ஆரம்பித்தேன். அது என் வேலை. பாதி வாளியில் அவள் "பூசைக்கு நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு போனாள். பூசையில் பங்குச்சாமியின் பிரசங்கத்துக்கே கண் சொக்கியது. தியேட்டரில் அவள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இருக்கை மெத்தென்று இருந்தது. பற்பசை விளம்பரம் ஓடியது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

விழித்தபோது விளக்கு எரிந்தது. வீட்டுக்கு நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். கேப்டனின் வைராக்கியம், தம்பியின் துரோகம், புயலில் பாய்மரம் முறிந்த இடத்தில் ஒளிப்பதிவு. நோட்டில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்தேன். "கடைசியில தம்பியக் கட்டிப்பிடிச்சு அழுதான் பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

ரோசம்மா ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. லிஃப்டில் ஏறினோம். ஆறு நாளும் ஆளுக்கொரு பக்கம் போகிற லிஃப்டில், அன்றைக்கு ஒன்றாக.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. ஒரு தப்பு சொல்லு பாப்போம்!"

"நாம பாத்த படத்துல கப்பலே வரலைங்க."

"என்னது?"

"தண்ணின்னு வந்தது, அந்தத் தங்கச்சி குடிச்ச ஒரு டம்ளர்தான். உங்க நோட்ட நான் புதன்கிழமையே படிச்சிட்டேன். ருக்ஸானா அக்கா சொன்ன படத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்."

லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்றது. கதவு திறந்ததும் அவள் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டரை மணி நேரம் அசந்து தூங்கியிருக்கீங்க. கண்ணு தெளிஞ்சிருக்கு. அடுத்த மாசமும் நல்ல படமாவே பாக்குறேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

ஐந்து விமர்சகர்களையும் மனசுக்குள் வரிசையாகத் திட்டிக்கொண்டே, பாதி வாளி ஈரத்துணியை மூங்கில் கழியில் மாட்ட ஆரம்பித்தேன்.