முடிவுக்காகவே பார்க்கலாம்

கைதட்டும் சத்தம் கேட்டுத்தான் கிறிஸ்தோப்பர் கண்விழித்தார். முதல் வேலையாகத் தானும் கைதட்டினார். எதற்கு என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்.

கார்ட்டியர்வில் தேவாலய மண்டபத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரையில் ‘நன்றி’ என்று போட்டிருந்தது. படம் முடிந்துவிட்டது. அவருக்கு நினைவிருந்த கடைசிக் காட்சியில் கதாநாயகி பனிக்குள் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். டோர்வல் விமானநிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலைக்காக விடியமுன் எழும்பிப் போய், வேலை முடிந்த கையோடு ஓர் இருட்டு மண்டபத்தில் வந்து உட்கார்ந்த மனிதரால் அந்த பஸ் வரும்வரை விழித்திருக்க முடியவில்லை.

வேறு யாரென்றாலும் இது ஒரு விஷயமே இல்லை. கிறிஸ்தோப்பரோ விமர்சகர். மொன்றியலில் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் இலவசப் பத்திரிகையில் ‘ஒரு வரி’ என்ற பகுதியை எழுதுபவர். படம் எவ்வளவு நீளமென்றாலும் தீர்ப்பு ஒரு வரிதான். ஒரு பொலிஸ் படத்துக்கு, “கதாநாயகன் நூறு பேரை அடிக்கிறார், நூற்றியோராவது ஆள் நாங்கள்” என்று எழுதினார். ஒரு பேய்ப் படத்துக்கு, “பேயைத் தவிர மற்ற எல்லாரையும் பார்க்கப் பயமாக இருந்தது.” ஒரு சரித்திரப் படத்துக்கு, “அரசர் இறந்ததும் வீட்டுக்குப் போகலாமென்று எழும்பினேன், அவருக்கு ஒரு மகன் இருந்தான்.” ஒருமுறை பிரெஞ்சுப் படமொன்றையும் விட்டுவைக்கவில்லை: “ஒருவர் ஜன்னலால் பார்க்கிறார், பிறகு இன்னொருவர் பார்க்கிறார், ஜன்னல் நல்ல ஜன்னல்.”

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறாரானவர். கடைசிவரை பார்க்காத படத்துக்கு அவர் தீர்ப்பு எழுதியதில்லை. இதை அவர் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சொல்லியிருக்கிறார்.

இப்போது முடிந்த படத்தின் பெயர் ‘நதிக்கு அப்பால் ஒருத்தி’. எடுத்தவன் அவருடைய மனைவி யோசெப்பினின் ஒரே தம்பி பேனாட். பேனாட் வீடுகளுக்கு நிலத்தில் ஓடு பதிக்கிறவன். மிச்ச நேரத்தில் இயக்குநர். இரண்டு வருடங்களுக்கு முன் அவன் ஒரு குறும்படம் எடுத்தபோது கிறிஸ்தோப்பர், “படம் பதினைந்து நிமிடம், நீளத்தைக் குறைத்திருக்கலாம்” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால் அக்காவும் தம்பியும் கிட்டத்தட்ட ஒரு வருடம் கதைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தவன் அத்தானைப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். இந்தமுறை படத்துக்குப் புறப்படும்போதே யோசெப்பின் சொல்லிவிட்டாள், தன் தம்பியின் மனம் நொந்தால் இனி வீட்டில் சமையல் ஒரு வரிதான் இருக்குமென்று.

பேனாட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தான்.

“எப்பிடி அத்தான்?”

நித்திரை கொண்டவன் படத்தின் தொடக்கத்தைப் பாராட்டினால் பிடிபட்டுவிடுவான். இது முப்பது வருட அனுபவம். கிறிஸ்தோப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முடிவு, பேனாட். முடிவு நெஞ்சைப் பாரமாக்கிப் போட்டுது.”

பேனாட் வாயைத் திறந்தான். அதற்குள் பக்கத்துக் கதிரையிலிருந்த செல்வமலர் அக்கா, போர்த்தியிருந்த சால்வையின் நுனியால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன்னாலும் அந்த முடிவைத் தாங்க முடியவில்லை என்றார். பேனாட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு அத்தானின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். அவன் அவரைத் தொட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கிறிஸ்தோப்பர் காரை ஓட்டியபடியே, முடிவைப் பற்றி மனைவியின் அபிப்பிராயம் என்ன என்று பொதுவாக விசாரித்தார். யோசெப்பின் இடைவேளைக்குப் பிறகு மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றவள் என்பது அவருக்குத் தெரியாது.

“எனக்கு அந்தப் பிள்ளையை நினைக்கத்தான் கவலை,” என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அவருக்கு அது போதும். கதாநாயகி செத்துவிட்டாள். இருந்தாலும் அவர் அனுபவசாலி; சாவு என்ற சொல்லைப் போடவில்லை. “நாயகியின் கடைசிப் பயணம் கண்ணை விட்டு அகலாது, முடிவுக்காகவே பார்க்கலாம்” என்று எழுதி, பத்திரிகையின் இணையத்தளத்துக்கு அன்றே அனுப்பிவைத்தார். அவர்கள் அதைக் கதாநாயகியின் படத்தோடு போட்டார்கள். யோசெப்பின் வாசித்துவிட்டுக் கண்கலங்கினாள். மறுநாள் மத்தியானத்துக்கு நண்டுக் கறி வைத்தாள். பேனாட் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து, அத்தான் எழுதியதைத் தொலைபேசியில் காட்டி, தானே நான்குமுறை உரத்து வாசித்தான்.

மாம்பழம் பழுக்குமுன் கிருபானந்தன் அழைப்பெடுத்தார். கதாநாயகியாக நடித்த கஜந்தினியின் தகப்பன். கார்டெரி என்ற குழந்தைக் காப்பகமொன்றில் பிள்ளைகளைப் பார்க்கும் கஜந்தினிக்கு ரொறொன்ரோவில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

“அண்ணை, என்ர பிள்ளையின்ர படத்தைப் போட்டுக் கடைசிப் பயணம் எண்டு எழுதியிருக்கிறியள். மாப்பிள்ளை பகுதியில இருந்து துக்கம் விசாரிச்சு போன் எடுக்கினம். உங்களுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?”

கிறிஸ்தோப்பர் மன்னிப்புக் கேட்டார். பிறகு, தந்தைக்குத் தெரியாமல் இருக்காது என்ற நம்பிக்கையில், படத்தில் அவள் சாகவில்லைத்தானே என்று மெதுவாகக் கேட்டார்.

தன் மகள் சாகிற படத்தில் நடிக்கத் தான் விட்டிருப்பேனா என்று கிருபானந்தன் திருப்பிக் கேட்டார். கடைசியில் அவளுக்குக் கலியாணம், அது எல்லாருக்கும் விளங்கியது, விமர்சகருக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை என்றார். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் கிறிஸ்தோப்பர் உடனே ஒரு விளக்கம் எழுதினார்: “கடைசிப் பயணம் என்று நான் குறிப்பிட்டது கன்னி வாழ்வின் கடைசிப் பயணத்தை, நாயகி மணமேடைக்குப் போகிறாள்.”

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தவரைச் செல்வமலர் அக்கா வாசலில் மறித்தார். அந்தப் பிள்ளை ஆற்றில் விழுந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சொல்லி, ஒரு சாவைக் கலியாண வீடாக மாற்றி எழுத அவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார். கார் தரிப்பிடத்தில் நின்றவர்கள் கூடினார்கள். அவள் ஆற்றில் விழவில்லை, மஞ்சள் வழி மெத்ரோ ரயிலில் ஏறி ஆற்றைக் கடந்துதான் போனாள் என்றார் ஒருவர். அது மெத்ரோ இல்லை, விமானம் என்றார் இன்னொருவர். சொன்னவர் விமானநிலையத்தில் வேலை செய்பவர், அதனால் சிலர் அவர் பக்கம் நின்றார்கள். சத்தம் கூடியதில் பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் வாசலுக்கு வந்து “போன்ஜூர்” என்றார். அது வணக்கமாகத் தெரியவில்லை.

கிறிஸ்தோப்பர் வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். நாலு பேர் நாலு முடிவைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கண் முன்னால் சண்டை பிடிக்கிறார்கள். அப்படியானால் அது திறந்த முடிவு. எல்லாம் தெளிவாகிவிட்டது. மனைவியின் தம்பி என்று மட்டும் நினைத்தவன் கலைஞனாக இருந்திருக்கிறான். தான் நித்திரை கொண்டது எவ்வளவு பெரிய காட்சியில் என்று நினைக்க அவருக்கு உண்மையாகவே நெஞ்சு பாரமாகிவிட்டது.

அன்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வரிக்கு மேல் எழுதினார். இரண்டு பக்கம். இயக்குநர் முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், பார்ப்பவர் தன் மனத்தில் உள்ளதைத்தான் அந்தத் திரையில் பார்க்கிறார், தமிழில் இந்தத் துணிச்சல் வேறு யாருக்கும் வரவில்லை என்று எழுதினார். சண்டை நின்றுவிட்டது. எல்லோரும் தாங்கள் பார்த்ததே சரி என்று வீடு போனார்கள். பங்குத்தந்தைகூடப் பிரசங்கத்தில், அந்த முடிவில் உயிர்ப்பின் சாயல் இருப்பதைத் தான் கவனித்ததாகச் சொன்னார். மாப்பிள்ளை பகுதி கஜந்தினியைப் பார்க்க வருவதாகவும், வரும்போது படத்தையும் பார்க்க வேண்டுமென்றும் சொல்லியனுப்பியது.

இவ்வளவும் நடந்தபிறகு பேனாட் இரண்டாவது காட்சிக்கு லொங்கேயில் இருமடங்கு பெரிய மண்டபம் எடுத்தான். படம் தொடங்குமுன் அத்தான் மேடையேறி முடிவைப் பற்றிப் பேசுவார் என்று சுவரொட்டியிலும் போட்டுவிட்டான்.

பேசுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் நல்லது, ஒரு பிரதி தாவென்று கிறிஸ்தோப்பர் கேட்டார். பேனாட் காலால் நிலத்தைத் தேய்த்தான்.

“உங்களைவிட ஆருக்கு அத்தான் அந்த முடிவு விளங்கியிருக்கு? பேந்து பாப்பம்.”

மறுபடி கேட்டதற்கு அது எங்கோ வன்தட்டில் கிடக்கிறது என்றான். மூன்றாம் முறை கேட்டபோது அழைப்பை எடுக்கவில்லை. புகழ் வந்ததும் பெடியன் மாறிவிட்டான் என்று கிறிஸ்தோப்பர் மனைவியிடம் குறைப்பட்டார். தன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள்.

காட்சி நாளன்று அவர் வேலைக்கு லீவு போட்டார். கறுப்புக் கோப்பி இரண்டு குடித்தார். மண்டபத்துக்கு எல்லோருக்கும் முந்திப் போனார். மேடையில் பேசுவதற்கென்று எழுதி வைத்திருந்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியமும் அழகாக இருந்தது. ஒன்றிலும் படம் இல்லை. ரொறொன்ரோவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் வரிசைக்குப் போவதும், கிருபானந்தன் அவர்களுக்கு அவரைச் சுட்டிக் காட்டுவதும் தெரிந்தது. அவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கிறிஸ்தோப்பரும் கும்பிட்டுவிட்டு மெல்ல நழுவினார்.

திரைக்குப் பின்னாலிருந்த அறையில் வினோஜா கணினிக்கு வயர் கொழுவிக்கொண்டிருந்தாள். வார நாட்களில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருப்பவள். படத்தை வெட்டி ஒட்டித் தொகுத்தவள் அவள்தான். அந்தப் படத்தின் ஒவ்வொரு அங்குலமும் அவள் கையால் போனது. கிறிஸ்தோப்பர் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. நான் அண்டைக்கு நித்திரை கொண்டிட்டன். அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிக்குது, அதுமட்டும்தான் எனக்குத் தெரியும். முப்பது வருசத்தில இதுதான் முதல்தரம். முடிவை மட்டும் சொல்லும். அவள் சாகிறாளோ, கலியாணம் கட்டுறாளோ, மெத்ரோவில போறாளோ?”

வினோஜா கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். வெளியே பேனாட் ஒலிவாங்கியில் அவருடைய பெயரைச் சொல்லி, மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தான். கைதட்டல் கேட்டது.

“பஸ்ஸுக்கு நிக்கிறதோட படம் முடிஞ்சுது அண்ணை,” என்றாள் அவள். “முடிவுக் காட்சி எடுக்கிறதுக்கிடையில பனி உருகிட்டுது, வாற மார்கழிக்கு எடுக்கேக்க எந்த முடிவை எடுக்கிறதெண்டு, இண்டைக்கு நீங்கள் பேசுறதைக் கேட்டுத்தான் பேனாட் அண்ணை யோசிக்கப்போறார்.”