எருமையின் காலோடு பேசிய தேவாங்கு

ஒரு காட்டில், டோக்கன் வாங்காமல் யாரும் யாரையும் பார்க்க முடியாது என்ற நிலை வந்துவிட்ட காலத்தில், வீரபாகு என்றொரு காட்டெருமை இருந்தான். ஆள் பாறை மாதிரி இருப்பான். அவன் பெருமூச்சு விட்டாலே புதரில் படுத்திருக்கும் சிறுத்தை எழுந்து வேறு புதருக்குப் போய்விடும். பதினேழு உருப்படி கொண்ட மந்தைக்கு அவன்தான் தலைவன். மந்தையை ஆற்றுக்குக் கூட்டிப்போவதும், எல்லாரும் குடித்து முடிக்கும்வரை கரையில் நின்று காவல் காப்பதும் அவன் பொறுப்பு.

அந்த வருடம் ஐப்பசியில் மந்தை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது மேல்மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. அவன் தம்பி சோலையனை அவன் கண்ணெதிரிலேயே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அன்றிலிருந்து தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்தாலே வீரபாகுவுக்கு நெஞ்சு படபடக்கும். வாயில் நுரை தள்ளும். திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். தலைவன் ஓடுகிறானே என்று மந்தை முழுவதும் பின்னாலேயே ஓடும். பங்குனி வந்தது, குட்டைகள் வற்றின. மந்தை சேற்றை நக்க ஆரம்பித்தது.

அவன் மனைவி பூவாயி சினையாக இருந்தாள். ஒருநாள் அவள் சொன்னாள்: "எனக்குன்னா பொறுத்துக்குவேன். வயித்துல இருக்கிறதுக்கும் தாகம் எடுக்குதுங்க. அந்தத் தேவாங்கு டாக்டரம்மாவைப் போய்ப் பாருங்க."

டாக்டர் நித்திலா என்கிற தேவாங்குதான் அந்தக் காட்டின் ஒரே மனநல மருத்துவர். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அவருக்கு அரை நாள் ஆகும். அதனால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவரால் எழுந்து போகவே முடியாது. அந்தத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

உருண்டைக் கண்களை இமைக்காமல் அவர் முழுவதையும் கேட்டார். "நீங்க கோழை இல்லைங்க. வெள்ளம் ஆத்துல வடிஞ்சிடுச்சு, உங்களுக்குள்ள இன்னும் வடியலை. பன்னிரண்டு தடவை வந்து பேசுங்க, வடிஞ்சிடும். காப்பீடு வச்சிருக்கீங்கல்ல? அனுமதி மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

காப்பீட்டு அலுவலகம் மருதமரத்தடியில் இருந்தது. கிளையில் ஒரு கிளி உட்கார்ந்து டோக்கன் எண்ணைக் கூவிக்கொண்டிருந்தது. கவுன்டரில் கெட்டியப்பன் என்ற உடும்பு. வீரபாகுவுக்கு முன்னால் நின்ற நரிக்குக் காலில் முள். அதற்கு உடனே அனுமதி, கூடவே 'விரைவில் நலம்பெற வாழ்த்துகள்' என்று ஒரு அட்டை.

"அடுத்து. என்ன உபாதை?"

"தண்ணிச் சத்தம் கேட்டா நடுங்குது சார்."

"எது நடுங்குது? காலா, தாடையா? தெளிவா எழுதுங்க."

"உள்ள நடுங்குது."

"உள்ளன்னா ஈரலா, மண்ணீரலா?"

வீரபாகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மனசு சார்."

கெட்டியப்பன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே நாக்கை ஓட்டினார். "நூத்திப் பதினாலு உறுப்பு இருக்கு. மனசு இல்லை. ஆனா உங்களுக்குத் தும்பிக்கை கவர் ஆகுது."

"எனக்குத் தும்பிக்கையே இல்லையே சார்."

"முளைச்சா கவர் ஆகும்."

"உடம்பையும் மனசையும் சமமா நடத்தணும்னு சிங்கராஜா சட்டம் போட்டிருக்காராமே? டாக்டரம்மா சொன்னாங்க."

"சமமாத்தானே நடத்துறோம்!" கெட்டியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உடைஞ்ச காலுக்கும் எக்ஸ்ரே கேக்குறோம், உடைஞ்ச மனசுக்கும் எக்ஸ்ரே கேக்குறோம். இதுல பாரபட்சம் எங்க இருக்கு?"

டாக்டர் நித்திலா மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். எழுதி முடிக்க அவருக்கு எட்டு நாள் ஆனது. வீரபாகு மறுபடியும் வரிசையில் நின்றான்.

கெட்டியப்பன் கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "தம்பி போன துக்கம்னு போட்டிருக்கு. தம்பி மேல உங்களுக்குப் பாசம் எப்போலேர்ந்து?"

"அவன் பொறந்ததுலேர்ந்து சார்."

"நீங்க திட்டத்துல சேர்ந்தது போன வருஷம். அப்போ இது ஏற்கெனவே இருந்த நோய்." முத்திரை குத்திக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

வீரபாகுவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. பூவாயியிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினான். அந்த நேரம் பார்த்து, வாசலில் புழுதி அடங்க யானைப் பியூன் தும்பிக்கையால் சளசளவென்று தண்ணீர் தெளித்தது.

அவ்வளவுதான். வீரபாகுவின் கண்ணுக்கு மருதமரமும் தெரியவில்லை, வரிசையும் தெரியவில்லை. வெள்ளம்தான் தெரிந்தது. தலைதெறிக்க ஓடியவன் அலுவலகத்தைச் சுற்றி வெட்டியிருந்த அகழியில் விழுந்தான். மளுக்கென்று ஒரு சத்தம். முன்னங்கால் முறிந்துவிட்டது.

கவுன்டரைத் தாண்டி ஓடிவந்த கெட்டியப்பன் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். "அடடா! காலா? இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?" என்று அகழியின் விளிம்பிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் மருதையன் என்ற கரடி. மாவுக்கட்டுப் போட்டபடியே, எப்படி விழுந்தாய் என்று கேட்டார். வீரபாகு ஆரம்பத்திலிருந்து சொன்னான். கரடி வெகுநேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு சீட்டில் எழுதினார்: 'கால் முறிவு. கட்டுப் பராமரிப்பு, பன்னிரண்டு முறை. பராமரிப்பவர்: டாக்டர் நித்திலா.'

அன்று மாலையே அனுமதி வந்தது.

நித்திலா வந்து சேர்ந்தார். கட்டிலுக்கு மேலிருந்த கொடியில் தொங்கிக்கொண்டு மாவுக்கட்டை உற்றுப் பார்த்தார். வாசலில் காப்பீட்டு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் உலாத்திக்கொண்டிருந்தார்.

"கால் எப்படி இருக்கு?" என்றார் நித்திலா.

வீரபாகு கண்காணிப்பாளரைப் பார்த்தான். நித்திலாவைப் பார்த்தான். புரிந்துகொண்டான். "கால் சரியாத் தூங்குறதில்லை டாக்டர்."

"தூங்கினா என்ன கனவு வருது காலுக்கு?"

"சோலையன் கூப்பிடுறான். காலுக்குக் கேக்குது. ஆனா போக மாட்டேங்குது."

"கால் என்ன நினைக்குது அதைப் பத்தி?"

"இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா கொம்பை நீட்டிப் பிடிச்சிருக்கலாம்னு நினைக்குது. கரையில நின்ன பாவி நான்தான்னு கால் நினைக்குது டாக்டர்."

கண்காணிப்பாளர் 'கால் பற்றி விரிவாக விசாரிக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு போனார்.

இப்படியே கால் பேசியது. கால் கோபப்பட்டது. நான்காவது தடவை கால் ஆற்றைக் கண்டபடி திட்டியது. ஏழாவது தடவை வீரபாகு பாதியில் நிறுத்தினான். "கால் இல்லை டாக்டர். நான். நான்தான் பயந்துட்டேன்" என்றான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுததில் கட்டிலின் ஒரு கால் உடைந்தது. அதற்கும் காப்பீடு இருந்தது.

பன்னிரண்டாவது தடவை முடிந்து கட்டைப் பிரித்தார்கள். வீரபாகு மந்தையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். சத்தம் கேட்டதும் உடம்பு நடுங்கியது. ஆனால் நின்றான். பூவாயி குடிக்கக் குடிக்கப் பக்கத்திலேயே நின்றான். பிறகு குனிந்து தானும் ஒரு வாய் குடித்தான். நான்கு நாள் கழித்து அதே கரையில் கன்று பிறந்தது. சோலையன் என்றே பெயர் வைத்தார்கள்.

காட்டில் ரகசியம் நிற்குமா? ஜோடியைப் பறிகொடுத்த மயில் ஒன்று மருதையன் வாசலில் வந்து நின்றது. கூட்டத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத மந்தி வந்தது. ஓயாமல் கை கழுவும் மரநாய் வந்தது. கரடி சலிக்காமல் மாவு குழைத்தார். நித்திலாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கடைசியில் சாரைப்பாம்பு ஒன்று இடது கால் முறிவு என்று விண்ணப்பித்தது. யாரும் படித்துப் பார்க்கவில்லை, அனுமதி கிடைத்துவிட்டது.

ஆண்டு அறிக்கை வந்தது. இந்தக் காட்டில் மனநோய் அறவே இல்லை என்று அதில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். கால்கள் மட்டும் கவலைக்கிடமாக இருந்தன. சிங்கராஜா பதறிப்போய் 'காலைக் காப்போம்' ஊர்வலம் நடத்தினார். பாதிப் பேர் மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டே போனார்கள். பலர் மனசுக்கு நல்லா இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வாரம் வீரபாகு கரையில் காவல் நின்றுகொண்டிருந்தான். நாணல் அசைந்தது. கெட்டியப்பன் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம். கண்ணை மூடினா வரிசை தெரியுது. நான் முடியாதுன்னு எழுதி அனுப்பினவங்க எல்லாரும் நிக்கிறாங்க. ஒருத்தரும் திட்ட மாட்டேங்கிறாங்க, சும்மா டோக்கனைக் காட்டிட்டு நிக்கிறாங்க. சோறு இறங்கலை."

"உங்க அலுவலகத்துலயே கேக்கலாமே சார்."

"ஊழியருக்கும் அதே பட்டியல்தான்." கெட்டியப்பன் மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தக் கால்னா சௌகரியம்?"

எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்க வீரபாகுவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உடும்பின் தாடை நடுங்குவதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"பின்னங்கால்னு போடுங்க சார்" என்றான். "கையெழுத்துப் போட முன்னங்கால் வேணும்ல."

நீதி: மனதில் இருப்பதை ஒளிக்காமல் வெளியே சொல்லுங்கள், ஆனால் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்ட பிறகு சொல்லுங்கள்.