காசு கொடுத்து அடைத்த காது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பிரகடனம் செய்தார்.

"இனிமே இந்த வீட்டுல வேண்டாத சத்தம் ஒண்ணுகூட என் காதுக்குள்ள வராது. இயர்போன் வாங்கப் போறேன். காதுக்குள்ள செருகற மாடல்."

"வேண்டாத சத்தம்னா எதுப்பா?" என்றேன். எதையும் வரையறுக்காமல் விட என்னால் முடியாது.

"மிக்ஸி. எதிர்வீட்டு டிரில்லிங் மிஷின். மாடிவீட்டு டி.வி."

"அம்மா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்லைன்னும் சொல்லலையே."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "வாங்கிக்கட்டும் விடுடி. பாவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருக்கிறது. அந்த வாரம்தான் தெருமுனைப் பல் டாக்டர் அம்மாவைக் கேட்டிருந்தார், சாயங்காலத்தில் கிளினிக்கின் வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்ள வர முடியுமா என்று. அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "பார்க்கலாம்" என்று சொல்லப்பட்ட எதையும் அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

அம்மாவின் வேலையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்காதவர், இயர்போனைப் பற்றி வாரக்கணக்கில் யோசித்தார். ரப்பர் மூடியைப் பிதுக்கிக் காட்டும் வீடியோக்களைக் கண் கொட்டாமல் பார்த்தார். தன் காதைப் போட்டோ எடுக்கச் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்தினார். "என் இடது காது கொஞ்சம் பெரிசு, கவனிச்சியா?" என்று சாப்பாட்டு மேஜையில் கவலைப்பட்டார். அவர் ஆசைப்பட்ட மாடலுக்கும் அவருடைய சட்டைப்பைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியில் சட்டைப்பை சொன்னதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் நேர்மையான மனிதர்.

"சார், இந்த விலைக்குப் பாட்டு நல்லாப் பாடும். வெளிச் சத்தத்தை அடைக்கும்னு பெட்டியில போட்டிருக்கான். அது பெட்டியோட சரி."

"போட்டிருக்கான்ல? அப்ப அடைக்கும்" என்றார் அப்பா. இவரா அலுவலகத்தில் பிறருடைய பைல்களைச் சரிபார்க்கிறவர்!

வீட்டுக்கு வந்ததும் இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கால் நீட்டினார். "பக்கத்துல இடி விழுந்தாலும் கேட்காது. என்ன கேட்டாலும் நான் கழட்டினப்புறம் கேளுங்க." கண்ணை மூடிக்கொண்டார். கழற்றுவது சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான். சாப்பிடும்போது பேசக்கூடாது, தூங்கும்போது எழுப்பக்கூடாது.

"ஏங்க, டாக்டர் திரும்பவும் கேட்டார். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றாள் அம்மா.

அப்பாவின் கால் தாளம் போட்டது.

"காது கொடுத்துக் கேட்கவேண்டிய மனுஷர், காசு கொடுத்துக் கேட்காம இருக்கார்! இது அநியாயம்மா!"

"கத்தாதேடி, கேட்கப்போகுது."

"எப்படிக் கேட்கும்? இடியே கேட்காதாமே!"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பிரிட்ஜுல கடைசியா ஒரு ஐஸ்கிரீம் இருக்கு. நீ எடுத்துக்கோ."

தாளம் நின்றது. மூடியிருந்த கண்ணில் ஒன்று கீற்றாகத் திறந்து, பிரிட்ஜ் பக்கம் போய்விட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

நான் சண்டைக்குத் தயாரானேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எல்லாம் கேட்குதும்மா அவருக்கு! நடிக்கிறார்! இப்பவே போய்க் கையும் களவுமா..."

"சும்மா இரு. காதே கேட்கலைங்கறவர், வேண்டாம்னு எப்படிச் சொல்வார்?"

அம்மாவின் திட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு கொள்கை குறுக்கே வந்தது. "இது நேர் வழி இல்லைம்மா. எதிர்ல உட்கார்ந்து வாதாடி ஜெயிக்கணும்."

"வாதாடி இந்த வீட்டுல இதுவரைக்கும் நீ எதை ஜெயிச்சே?"

என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில். அம்மா கேட்க நிற்கவில்லை. நாற்காலிக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நான் கிளினிக் வேலைக்குப் போகட்டுமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அப்பா அவசரமாக ஏதோ ஒரு பாட்டை முனகினார். ராகம் தடம் புரண்டது.

அம்மா பொறுமையாகக் காத்திருந்தாள். போனை எடுத்தாள். "டாக்டர், நான்தான் பேசறேன். வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லலை. தங்கமான மனுஷர். திங்கட்கிழமையிலிருந்து வர்றேன்."

ரப்பரைச் சுற்றி அப்பாவின் காதுகள் சிவந்தன. வாயைத் திறந்தால் தடுக்கலாம். ஆனால் திறந்தால் இடி பொய்யாகும், வாரக்கணக்கான ஆராய்ச்சி பொய்யாகும், பதில் சொல்லாமல் விட்ட அத்தனையும் வெளியே வரும். பற்களைக் கடித்துக்கொண்டார். எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"அப்ப ராத்திரிச் சமையல்?" என்று அம்மாவைக் கேட்டேன். அதைக் கேட்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம். வெள்ளியும் செவ்வாயும் மட்டும் அப்பா."

அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"செவ்வாய்க்கிழமை எப்படி? அன்னிக்கு எனக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கே!"

ஒரு இயர்போன் கழன்று தரையில் உருண்டது. அதிலிருந்து பாட்டு எதுவும் வரவில்லை.

அம்மா குனிந்து அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"சரிங்க. அப்ப புதன்கிழமை செய்யுங்க."