பதினான்கு நாள் தவணை கொடுத்துத் திட்டிய பாடகர்

அமைச்சர்களைத் திட்டிப் பாடிய ராப் பாடகர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். திட்டப்போகிறேன் என்று பதிவுத் தபாலில் முன்கூட்டியே அறிவித்து, பதில் சொல்லப் பதினான்கு நாள் தவணையும் கொடுத்தவர் பெட்டிசம் ஒருவர்தான். அமெரிக்காவில்கூட இப்படி ஒருவர் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பெட்டிசம் என்றால் எங்கள் பக்கத்தில் மேலிடத்துக்கு எழுதிப்போடும் முறைப்பாடு. இவருக்கு அந்தப் பெயர் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பகலில் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை, பின்னேரங்களில் ஹிப்ஹொப். இரண்டுக்கும் ஒரே மூளையைத்தான் பயன்படுத்தினார். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் மூன்று வருடம் அவரோடு குடியிருந்தவன் நான். 'விடயம்' என்ற தலைப்பு இல்லாமல் அவருடைய பாட்டு எதுவும் தொடங்கியதில்லை. பிறகு இலக்கமிட்ட பந்திகள் வரும். கடைசியில் பிரதிகள் யார் யாருக்கு என்ற பட்டியல். அந்தப் பட்டியலைப் பாடும்போதுதான் கூட்டம் அதிகமாகத் துள்ளும்.

வீட்டுக்கார அன்ரிக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் என்னைப் படியில் மறித்தார்.

"தம்பி, உம்மட சிநேகிதன் விடியத் தொடக்கம் ஆரையோ ஏசுறார். ஆரை?"

"ஏசேல்ல அன்ரி, பாட்டுப் பழகுறான்."

"பாட்டெண்டா ஒரு சாமியின்ர பேராவது வரவேணுமே?"

மறுநாளே பெட்டிசம் பிரதிகள் பட்டியலில் பிள்ளையாரைச் சேர்த்துவிட்டார்.

நுகேகொடையில் ஒரு கூட்டத்தில் அவரை முதன்முதலாக மேடையில் பார்த்தேன். மற்றப் பாடகர்கள் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார்கள். இவர் வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை. பாட்டு உச்சத்துக்குப் போன நேரம் கையைக் காட்டி இசையை நிறுத்தினார். "மன்னிக்கவும். நாலாம் பந்தியில திகதி பிழை" என்றார். திருத்தி, முதலாம் பந்தியிலிருந்து மறுபடி பாடினார். சிங்களப் பெடியன்கள் அதுவும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அவருடைய பதிவுத் தபால்களுக்கு ஒரே ஒருமுறை பதில் வந்தது. 'தங்கள் கடிதம் எமது கவனத்தில் உள்ளது' என்று யாரோ ஒரு செயலாளர் எழுதியிருந்தார். பெட்டிசம் உடனே பாட்டை ஒத்திவைத்தார்.

"மச்சான், சும்மா அனுப்புற கடிதமடா அது. எல்லாருக்கும் அதைத்தான் அனுப்புவாங்கள்" என்றேன்.

"கவனத்தில இருக்கெண்டு எழுதினவனை எப்படியடா ஏசுறது?"

எட்டு மாதம் காத்திருந்தார். அதற்குள் அதே விடயத்தை வேறு ஒருவர் பாடி, வெள்ளவத்தை முழுக்கக் கேட்கும் அளவுக்குப் பேர் வாங்கிவிட்டார்.

நான் அப்போது ஒரு வங்கியில் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் கடிதத்துக்காகத் தவம் கிடந்தேன். ஆகவே வெள்ளவத்தையில் அக்கா வீட்டிலும் சரி, வங்கியிலும் சரி, "அந்த ராப் பாடுற பெடியனைத் தெரியுமோ?" என்று கேட்டால், "முகப்பழக்கம்" என்று சொல்லிவிடுவேன். அடுத்த கட்டிலில் படுக்கிறவரின் முகம் பழகாமல் இருக்குமா?

இப்படியிருக்க, தமிழர்களுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பும் அலுவலகங்களைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். 'விடயம்: எனக்கு விளங்கவில்லை.' யாரோ முறையிட, பொலிசிலிருந்து விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது. சிங்களத்தில் மட்டும். தமிழ்ப் பிரதி அனுப்பும்படி பணிவாகப் பதில் எழுதினார். இரண்டாவது கடிதமும் சிங்களத்தில் வந்தது. அதற்கும் பணிவாக எழுதினார். மூன்றாவது முறை, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜீப் வந்தது.

அன்ரி அழுதுகொண்டே வங்கிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பெட்டிசம் வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சார்ஜன்ட் வயதானவர், பொறுமைசாலி. தமிழில் எழுதுகிற பொலிஸ்காரர் லீவு, திங்கட்கிழமைதான் வருவார். சிங்களத்தில் வாக்குமூலம் கொடுத்தால் இப்போதே வீட்டுக்கு விடலாம், இல்லாவிட்டால் மூன்று நாள் உள்ளே இருக்கவேண்டும் என்றார்.

"எனக்குச் சிங்களம் தெரியாது ஐயா."

"மல்லி, நீங்க சந்தையில சிங்களம் கதைக்கிறது நான் பார்த்து இருக்கிறது தானே?" தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, மிச்சத்தைத் தமிழில் சமாளித்தார்.

"அது தக்காளிக்கு. வாக்குமூலத்துக்குத் தெரியாது."

நான் பக்கத்தில் குனிந்து, "மச்சான், சொல்லிப்போட்டு வாடா. உள்ளுக்க இருக்கப்போறியே?" என்றேன்.

"நான் பாடினதே இதைப் பற்றித்தான்டா. நானே சிங்களத்தில கையெழுத்து வச்சா அந்தப் பாட்டுப் பொய்யாப்போம்."

குரல் உறுதியாகத்தான் இருந்தது. விரல்கள்தான் பையிலிருந்த பேனையின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தன. அவருக்கும் பயம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

சார்ஜன்ட் யோசித்து ஒரு வழி சொன்னார். இரண்டு மொழியும் தெரிந்த சொந்தக்காரர் யாராவது தமிழில் எழுதி, சிங்களத்திலும் பெயர்த்து, தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்யும் இடம் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தால் ஏற்றுக்கொள்ளலாமாம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழு பந்தி எழுதினேன். பாட்டின் பொருளைச் சிங்களத்தில் வாசித்த சார்ஜன்ட், "இது உண்மை தானே" என்று பெருமூச்சு விட்டார். நான்கு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். என் நிரந்தரக் கடிதம் இன்றுவரை 'கவனத்தில்' இருக்கிறது.

ஆனால் எழுதத் தொடங்க முன்னர் சார்ஜன்ட் பேனையை என்னிடம் நீட்டி, இவர் உனக்கு என்ன முறை என்று சிங்களத்தில் கேட்டார். முகப்பழக்கம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. நானும் சிங்களத்திலேயே, "மகே அய்யா, சேர்" என்றேன். என்னுடைய அண்ணன்.

காலையிலிருந்து சிங்களம் தெரியாது என்று சாதித்த பெட்டிசம், தலையைக் குனிந்து வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.