சோபாவில் உட்கார்ந்த சப்வூஃபர்

படிக்காமல் கெட்டவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் படித்துக் கெட்டவன். மிக்ஸி வாங்கினால்கூட அதனுடன் வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்த பிறகுதான் உள்ளே தேங்காய் போட அனுமதிப்பேன். (அதற்குள் இட்லி ஆறிவிடும் என்பது வேறு விஷயம்.)

திருமுல்லைவாயிலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் மனைவி சுமதியும். கீழே வீட்டு ஓனர் தணிகாசலம் சாரும் அவர் மனைவி மங்கையம்மாவும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினேன். ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள். கூடவே, அடிவயிற்றுச் சத்தத்துக்கென்றே சப்வூஃபர் என்ற கனத்த பெட்டி. ஸ்பீக்கர்களை மாட்ட அரை மணி நேரம் ஆயிற்று. பெட்டியை எங்கே வைப்பது என்று படிக்க மூன்று நாள்.

படித்ததில் ஒரு முறை என்னை ஆட்கொண்டது. நாம் உட்காரும் சோபாவில் பெட்டியை உட்காரவைக்க வேண்டும். அதில் ஒரு தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த இடத்தில் ஒலி திருத்தமாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு நிரந்தர இடம். (கதை கட்டிவிடவில்லை. விவரமானவர்கள் உண்மையிலேயே இப்படித்தான் தவழ்கிறார்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி போட்டேன். சமையலறையிலிருந்து சுமதி எட்டிப் பார்த்தாள்.

"அது சோபால உக்காந்திருக்கு, நீங்க தரையில என்ன பண்றீங்க?"

"அதுக்கு நல்ல இடமா பாக்கறேன்."

"எங்கப்பா எனக்கு இடம் பாத்தப்போ இப்படிப் பாத்திருக்கலாம்."

அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தேன். அந்த ஒலி காதில் விழுவதைவிட உடம்பில் தெரிவதுதான் அதிகம். சமையலறையில் இருந்த சுமதிக்கே கேட்கவில்லை. என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டு டிவி மூலையை நெருங்கியபோது, கீழே இருந்து மங்கையம்மா கூப்பிட்டார்.

"தம்பி, சீக்கிரம் வா. அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி கீதாம்."

பெட்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். எங்கள் சோபாவுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், நெஞ்சைப் பிடித்தபடி வியர்த்து உட்கார்ந்திருந்தார் தணிகாசலம் சார்.

"திம் திம்னு அடிச்சிகினே இருந்துச்சி தம்பி. நீ வர்றதுக்குள்ள நின்னுடுச்சி."

விட்டு விட்டு வரும் நெஞ்சுவலிதான் ஆபத்து என்று எங்கோ படித்திருந்தேன். ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உபகாரம் செய்த நிறைவோடு மாடியேறி, விட்ட இடத்திலிருந்து தவழ்ந்தேன்.

பத்தே நிமிடம். மறுபடியும் மங்கையம்மா.

அதே ஆட்டோ. "இன்னா சார், ரிட்டனா?" என்று கேட்ட ஓட்டுநர், சாரின் முகத்தைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பினார். வழியில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எதுனா ஆயிட்டா அவளைப் பாத்துக்க தம்பி. பொண்ணு தூரத்துல கீது. பத்திரம்லாம் பீரோவுல கீது. பீரோ சாவி, பழைய ரேடியோ பின்னாடி. அவளுக்கே தெரியாது."

பக்கத்திலேயே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மங்கையம்மாவுக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. மூன்று பேரும் அழுதோம்.

இந்த ஈ.சி.ஜி.யும் சுத்தம். டாக்டர் யோசித்தார். "வீட்ல இருக்கும்போதுதான் வருதா?"

"ஊட்ல மட்டுந்தான் டாக்டர். இங்க வந்தா நல்லா கீறேன்."

டாக்டரின் பார்வை மெதுவாக மங்கையம்மா பக்கம் திரும்பியது. "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"நான் இன்னா பண்ணேன், உப்மாதான் கிண்டிகினு இருந்தேன்" என்று அவர் விசும்பினார். எனக்கே அவர்மேல் லேசாகச் சந்தேகம் வந்தது என்பதை இங்கே வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

வீடு திரும்பியதும், இந்த முறை நான் மாடிக்குப் போகவில்லை. சார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் நெஞ்சில் திம் திம் என்றது. என் நெஞ்சில். நான் வெளிறிப்போய்ப் பார்க்க, மங்கையம்மாவும் நெஞ்சில் கை வைத்திருந்தார். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மாரடைப்பு.

சார் மட்டும் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். முப்பது வருடத்துக்கு மேல் அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தே பழுது கண்டுபிடித்தவர் அவர். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"தம்பி, இது நெஞ்சு இல்ல. மேல எதோ மோட்டாரு ஓடுது."

மூவரும் மேலே போனோம். சோபாவில் பெட்டி வீற்றிருந்தது. எதிரே சுமதி, ரிமோட்டும் கையுமாக.

"டிவி போடலாம்னு அமுக்கினேங்க. டிவி வரல, நிறுத்தவும் தெரியல."

நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன், தவழ்ந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ பெட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்போ, எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார்."

"நல்லா சொல்லு தம்பி."

"உங்களுக்கு ஒண்ணுமே இல்ல சார்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் மூவரும் நின்றோம்.

பெட்டியின் அடியில் வைக்க, மறுநாள் அவரே தடிமனான ரப்பர் துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். சண்டை என்று ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால்கூட, அவருடைய கேலியைப் போல இவ்வளவு காலம் நீடித்திருக்காது.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நான். "இதுக்கு முன்னாடி நெஞ்சுல ஏதாவது பிரச்சினை வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டர். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரே நாள்ல மூணு வாட்டி வந்துச்சி டாக்டர்" என்று என்னைக் கை காட்டினார் தணிகாசலம் சார். "இவர்தான் கடையிலேர்ந்து வாங்கினு வந்தாரு."