ராட்சத ரோபோவுக்குப் பச்சை மை

பூமியிலிருந்து எண்பது ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஜோரான் என்ற கிரகம் யாருக்குச் சொந்தம் என்பது, ஆண்டுதோறும் ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் முடிவு செய்யப்பட்டு வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். ஆகவே அண்டசராசரப் போர்களை ஆடியிலேயே வைத்துக்கொள்வது என்று திருச்சி மாநகர விண்வெளிப் போர் மேசை விளையாட்டுக் கழகம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. கழகத்தில் மொத்தம் பதினோரு பேர்.

விளையாட்டு இதுதான். பந்தி மேசைமேல் கிரகத்தின் படம் போட்ட துணியை விரிக்க வேண்டும். விரலளவுச் சிப்பாய்களை நிறுத்தி, தையல்காரர் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். சிப்பாய்கள் எல்லாரிடமும் இருந்தார்கள். ஆனால் ஜாண் உயர ராட்சத ரோபோ இல்லாமல் யாரும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ரோபோவைத் தயாரிக்கும் கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. அதன் விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிவிடலாம் என்று உறுப்பினர்களின் வீட்டில் எல்லாம் ஒரே மாதிரி சொன்னார்கள். வேறு யாராவது செய்து தரும் ரோபோவை வைக்கலாம் என்றால், விதி 14(ஆ) குறுக்கே நின்றது. மூலக் கம்பெனி தயாரிப்பு தவிர வேறெதுவும் மேசையேறக் கூடாது.

ஆகவே பதினோரு பேரில் ஒருவரிடம் மட்டும்தான் ரோபோ இருந்தது. அவர் கழகத் தலைவர் ரத்தினவேல். முப்பத்தோரு வருஷம் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய பெட்டியில் ரோபோவோடு முந்நூறு பக்க விதிப் புத்தகமும் இருந்தது. உட்பிரிவு, விதிவிலக்கு, மூன்று மாதத்துக்கொரு திருத்தம் என்று அது பாட்டுக்குப் போனது. வேலையை விட்டு வந்த பிறகு அவர் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினார். ஆறு வருஷமாக ஜோரான் அவர் நிர்வாகத்தில்தான் இருந்தது.

அந்த ஆறு வருஷமும் அவருடைய ரோபோவிடம் மிதிபட்டவன் அடைக்கலம். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அவனுக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. தலைவருடைய ரோபோவுக்கு எதிரே, அதே உயரத்தில் ஒன்றை நிறுத்தி, ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் மோதிப் பார்க்க வேண்டும். தோற்றால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுத் தோற்க வேண்டும்.

பாலக்கரையில் அப்துல் அஹத் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கூட ஒரு த்ரீ-டி பிரிண்டரும் வாங்கிப் போட்டிருந்தார். அடைக்கலம் கொடுத்த போட்டோக்களைப் பார்த்து, பதினாறு பாகமாக ஒரு ரோபோவை வார்த்துக் கொடுத்தார். அதை ஒட்டி, தேய்த்து, மலைக்கோட்டைப் பாறையின் நிறத்தில் வர்ணம் அடித்து முடிக்க அடைக்கலத்துக்கு எட்டு மாசம் ஆயிற்று. முதுகில் பொடி எழுத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்றும் எழுதினான். அதற்கு முன்னால் அவன் எதையும் அவ்வளவு பிரியமாகச் செய்ததில்லை.

ஆனி மாதக் கூட்டத்தில் அதைத் தலைவர் முன் வைத்தான்.

“எந்தக் கம்பெனி தம்பி?”

“பாலக்கரை சார்.”

“மூலக் கம்பெனி இல்ல?”

“இல்ல சார். அஹத் பாய் செஞ்சு குடுத்தாரு. சைஸ் கரெக்டா இருக்கும் சார், அளந்து பாருங்க.”

“அப்ப இது நகல்.”

“ஆமா சார்.”

ரத்தினவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்தோரு வருஷப் பழக்கம் அப்போது அவர் வாயிலிருந்து தானாகவே பேசியது.

“நகலை வெறுமனே குடுத்தா எப்படி ஏத்துக்கிறது? கெஜட்டட் ஆபீசர்கிட்ட அட்டெஸ்ட் வாங்கிட்டு வாங்க.”

அரசாங்கமே பல இடங்களில் அவரவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுவிட்ட சமாச்சாரம் அது. ஆனால் செயலாளர் ரங்கநாயகி அதற்குள் நோட்டில் எழுதிவிட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜென்டான அவர் வாயில் வருவதைவிடக் கையில் எழுதுவதை நம்புகிறவர். ‘சான்றொப்பம் பெறாத எந்த ரோபோவும் மேசைமேல் அனுமதிக்கப்படலாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது.’ தலைவர் கீழே கையெழுத்துப் போட்டார். நோட்டில் ஏறியதை இறக்குவதற்குக் கழகத்தில் விதி கிடையாது.

அடைக்கலத்துக்குத் தெரிந்த ஒரே கெஜட்டட் ஆபீசர் திருவானைக்காவல் பக்கத்துக் கால்நடை மருத்துவர் விஜயராணிதான். இவன் பள்ளிக்கூடச் சான்றிதழ் நகல்களில் எல்லாம் அவர்தான் கையெழுத்துப் போட்டவர். ஒரு வெள்ளாட்டுக்கும் காதில் புண் வந்த நாய்க்கும் நடுவில் வரிசையில் உட்கார்ந்திருந்தான். முறை வந்ததும் ரோபோவை மேசைமேல் வைத்தான்.

டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணல மேடம். ட்ரூ காப்பின்னு அட்டெஸ்ட் பண்ணணும்.”

“ஒரிஜினல் எங்க?”

“அது எங்க தலைவர்கிட்ட இருக்கு மேடம்.”

“ஒரிஜினலைப் பார்க்காம நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுறது? நாளைக்கு எனக்குல்ல மெமோ வரும்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அடைக்கலம் தலைவரிடம் போய் நின்றான். விதி என்று ஒன்று வந்துவிட்டால் ரத்தினவேல் எதிரிக்கும் உதவி செய்வார். ரோபோவை வேட்டியில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அடைக்கலம் கேட்ட காட்சி அதுதான், இடம்தான் மாட்டாஸ்பத்திரியாகப் போய்விட்டது.

டாக்டரம்மா சினை மாட்டைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தார். “கை ரெண்டு. கால் ரெண்டு. தோள்ல பீரங்கி. முதுகுல என்னமோ எழுதியிருக்கே?”

“அது கூடுதல் விவரம் மேடம்.”

“சரி, பரவாயில்ல.” உள்ளங்காலில் வட்ட முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பச்சை மையைப் பார்த்ததும் ரத்தினவேலின் முகம் இளகிவிட்டது. தன் ரோபோவையும் முன்னால் நகர்த்தினார். “இதுக்கும் ஒண்ணு போட்டுடுங்கம்மா.”

“இது ஒரிஜினலாச்சே சார். ஒரிஜினலுக்கு யாராவது அட்டெஸ்ட் பண்ணுவாங்களா?”

நியாயம்தான் என்று அவரும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார்.

ஆடி மூன்றாவது ஞாயிறு வந்தது. பந்தி மேசையில் ஜோரான் விரிந்து கிடந்தது. வாசலில் ரங்கநாயகி நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு படையாகச் சரிபார்த்தார். அடைக்கலத்தின் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்காலைப் பார்த்து, டிக் போட்டார். அடுத்தது தலைவருடையது. தலைகீழாகப் பிடித்தார்.

“முத்திரை எங்க சார்?”

“இது ஒரிஜினல்மா.”

“அது நமக்குத் தெரியும் சார். நோட்டுக்குத் தெரியணுமே? எந்த ரோபோவும்னு எழுதியிருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“பெட்டி இருக்கு. பில்லு இருக்கு.”

“பில்லு அட்டெஸ்ட் பண்ணியிருக்கா?”

ரத்தினவேல் நோட்டை வாங்கினார். தன் கையெழுத்தை மூன்று தடவை பார்த்தார். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அடைக்கலம் பதறிப்போனான். “மேடம், எனக்கு ஆட்சேபணை இல்ல. சார் வைக்கட்டும், வெளயாடலாம். நான் ஆறு வருஷமா காத்திருக்கேன் மேடம்.”

ரங்கநாயகி பதில் சொல்லுமுன் தலைவர் கையை உயர்த்தினார். “வேணாம் தம்பி. விதியை மீறி வெளயாடுற கிரகம் எனக்கு வேண்டியதில்ல.” முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. தன் ரோபோவைத் தானே திரும்ப வாங்கி, மஞ்சள் பைக்குள் வைத்து, முடிச்சுப் போட்டார். மற்ற பத்துப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மற்றவர்கள் ரோபோ இல்லாத காரணத்தால் விலகிக்கொள்ள, ஒரு பகடைகூட உருட்டாமல் ஜோரான் கிரகம் அடைக்கலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போதே நோட்டில் ஏறிய புது விதிப்படி, கோப்பை வாங்கியவர்தான் அடுத்த வருஷத்துச் சரிபார்ப்பு அலுவலர். அன்றைக்கு ஆட்டோவில் போகும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓர் அடி வாங்கியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவருஷம் எல்லாம் சீராகிவிட்டது. தலைவர் தன் ரோபோவைப் பாலக்கரைக்கு எடுத்துப் போய் ஒரு நகல் செய்துகொண்டார். ஒரிஜினல் பாங்க் லாக்கருக்குப் போயிற்று. மற்ற ஒன்பது பேரும் அந்த நகலுக்கு நகல் செய்துகொண்டார்கள். அஹத் பாய் கடைப் பலகையில் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ரோபோ’ என்று எழுதி வைத்தார். ஆனி மாதம் முழுக்கத் திருவானைக்காவல் ஆடுகள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. அடைக்கலத்துக்கு மட்டும் பழைய ஆசை அப்படியே இருந்தது. நகலும் நகலும் மோதினால் அது எப்படிச் சண்டையாகும் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே, சரிபார்ப்பு அலுவலராக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் கனிஷ்கா வந்தார். பெங்களூர் வேலையிலிருந்து மாற்றலாகி வந்த புது உறுப்பினர். பெட்டியைத் திறந்தார். உள்ளே மூலக் கம்பெனியின் ராட்சத ரோபோ, அசல், தோளில் பீரங்கியோடு, தலைவருடையதைவிட ஒரு விரற்கடை உயரமாக நின்றது.

“நீங்கதான் அடைக்கலமா? உங்க மலைக்கோட்டை ரோபோவைப் பத்திச் சொன்னாங்க. முதல் ஆட்டம் உங்களோடதான் போடணும்னு வந்தேன்.”

ஏழு வருஷமாக அடைக்கலம் கேட்டுக்கொண்டிருந்தது நடந்து வந்து எதிரில் நிற்கிறது. அந்த ரோபோவை இரண்டு கையாலும் தூக்கினான். கனமும் வழவழப்பும் அவனுக்கு அப்படிப் பிடித்திருந்தன. பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று அவன் யோசிப்பதற்கு முன்னால், கை அதைத் தலைகீழாகத் திருப்பியது. உள்ளங்கால் வெறுமையாக இருந்தது.

“முத்திரை இல்லையேங்க.”

“ஒரிஜினல்ங்க இது.”

“தெரியுதுங்க.” அவன் ரோபோவைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அவனுக்கு உண்மையிலேயே அந்தப் பெண்மேல் அக்கறை இருந்தது. “பாலக்கரையில ஒரு நகல் எடுத்து அட்டெஸ்ட் பண்ணி அடுத்த ஆடிக்குக் கொண்டாங்க. இதை வீட்ல பீரோவுல வச்சுப் பூட்டுங்க. யார் கேட்டாலும் ஒரிஜினலை மட்டும் வெளிய குடுத்துடாதீங்க.”

கனிஷ்கா கோபப்படுவார், சிரிப்பார் என்று அடைக்கலம் எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் அவனும் சேர்ந்து சிரித்து, நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஆடப் போயிருப்பான். அவர் சிரிக்கவில்லை. ஒரிஜினலை வெளியே கொடுக்காதே என்பது அவருடைய அப்பாவும் அம்மாவும் சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்த வார்த்தை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

“எத்தனை காப்பி வேணுங்க?”

“மூணு போதும்,” என்றான் அடைக்கலம். பிறகு கொஞ்சம் யோசித்து, “எதுக்கும் நாலா எடுத்துடுங்க,” என்றான்.