ஒன்றும் செய்யாதே, பதினொரு முறை

எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. செம்பூர் முருகனே சாட்சி. அந்தச் சத்தத்தில் அவருக்கும் காது கொஞ்சம் மந்தம் என்று கேள்வி.

தாராவிப் பட்டறைக்காரன் பேச்சிராஜா கோயிலுக்குச் செய்துகொடுத்த தானியங்கி மேளமணி, நான்காவது நாளாக நிற்க மறுத்தது. ஒரு முரசு, இரண்டு மணி, அவற்றை ஆட்டிவைக்க நகம் அளவு சிப். பெண்கள் பக்கத் தூணில் பச்சைப் பொத்தான், அமுக்கினால் தொடங்கும். சன்னதி வாசலில் குருக்கள் கைக்கெட்டும் சிவப்பு, அமுக்கினால் நிற்கும். நின்றது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

மணி ஓயாமல் தீபாராதனைத் தட்டை இறக்குவதில்லை என்பது குருக்களின் கொள்கை. தட்டு சுற்றியது. கண்மூடிக் கும்பிட்டவர்கள் கும்பிட்டபடியே எட்டு நாற்பத்தெட்டு லோக்கல் ரயிலைத் தவறவிட்டார்கள்.

"ஏ பாய், பந்த் கரோ, நிறுத்துப்பா," என்றது பின்வரிசை.

நாலைந்து முறை நின்று, நாலைந்து முறை ஆரம்பித்து, தானே மனம்வந்து ஓய்ந்தது. விசாலாக்ஷி மாமி மட்டும் தூணில் சாய்ந்தபடி, "நிதானமான மெஷின்" என்று மெச்சினார்.

"பேச்சிராஜா, என்னப்பா இது?" என்றார் காரியதரிசி வேங்கடசுப்ரமணியன். "வெள்ளிக்கிழமை ஆறு கோயில் கமிட்டிக்காரா பாக்க வரா. நின்னா ஆறு ஆர்டர். நிக்கலைன்னா பெட்டியத் தூக்கி ஆட்டோல வெச்சுண்டு போயிடு."

பட்டறையே அந்த ஆறு ஆர்டரை நம்பித்தான் இருந்தது. பேச்சிராஜா சிப்போடு வந்த கையேட்டை அன்று பகல் முழுக்கப் புரட்டினான். நாற்பதாம் பக்க மூலையில் அகப்பட்டது.

"சார், தப்பு எம்மேல இல்ல. சிப்பு பொறப்புலயே அப்படி. ஒரு சோலியா இருக்கையில குறுக்க ரெண்டு தடவ கூப்பிட்டா, கேட்டுட்டு விட்ட எடத்துக்குத் திரும்பணும்லா? இது விட்ட எடத்த மறந்துட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கி."

"என் மாமனார் மாதிரி."

"அவர எப்படி நிறுத்துவிய?"

"நிறுத்தறதாவது. காப்பியக் குடுத்துட்டு நாங்க வெளில போயிடுவோம்."

முதல் வைத்தியமாக, முரசு அடிக்கும்போது எதையும் காதில் வாங்காதே என்று சிப்புக்கு உத்தரவு எழுதினான். முரசுதான் ஓய்வதே இல்லையே. செவ்வாய்க்கிழமை ஒன்றேகால் மணி நேரம் முழங்கியபின் வயரைப் பிடுங்கினார்கள். குருக்களின் தோளுக்கு இரண்டு பேர் தைலம் தேய்த்தார்கள்.

அடுத்து, சிப் அசந்தால் தலையில் தட்டி எழுப்ப அதற்குள்ளேயே ஒரு காவல்காரனை எழுதிவைத்தான். அவன் கடமை தவறாதவன். புதன் மதியம் மூன்று மணிக்கு, சும்மா இருந்த சிப்பைத் தூங்குகிறது என்று நினைத்துத் தட்டினான். நடை சாத்திய கோயிலுக்குள் மணி முழங்கியது. சுவாமி தானே எழுந்துவிட்டார் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட, ஐந்து மணிக்கு வரிசை ஸ்டேஷன் படிக்கட்டைத் தொட்டது.

"இனிமே என்னத்தையாவது சரிபண்ணினே, நான் ராஜினாமா," என்றார் காரியதரிசி.

வியாழக்கிழமை பேச்சிராஜா செய்த வைத்தியம் எல்லாவற்றையும் அழித்தான். மிச்சமிருந்தது நாற்பதாம் பக்கம் சொன்ன ஒரே கட்டளை. சிப்புகளின் பாஷையில் அதற்கு 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள். பதினொரு முறை எழுதினான். அந்த இடைவெளியில் விட்ட இடம் ஞாபகம் வந்துவிடுமாம்.

வெள்ளிக்கிழமை ஆறு கமிட்டிகளும் கைகட்டி நின்றன. குருக்கள் சிவப்பைத் தொட்டார். நின்றது. பேச்சிராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பதுவரை எண்ணினான். நின்றேவிட்டது.

"என்னப்பா பண்ணினே?"

"ஒண்ணும் செய்யாம இருன்னு சொன்னேன், சார்."

"எங்க கமிட்டியில இருபது வருஷமா அதைத்தானே பண்றோம். எங்களுக்கு யாரும் ஆர்டர் தரலையே."

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சிராஜா நாற்பதாம் பக்கத்துக்குச் சந்தனம் வைத்தான்.

சனிக்கிழமை காலையில் விசாலாக்ஷி மாமி வழக்கமான தூணருகே நின்றிருந்தார். அவருக்கும் ஒரு லட்டு நீட்டினான்.

"நேத்திக்கு ஒரே தடவையோட நின்னுடுத்தாமே?" என்று மாமி குறைப்பட்டுக்கொண்டார். "நான் சான்பாடால பொண்ணாத்துக்குப் போயிட்டேன், இங்க இருந்திருந்தா, தினம் போல என் நூத்தெட்டு நாமம் முடியறவரைக்கும் இந்தப் பச்சைய அமுக்கிண்டே இருந்திருப்பேன்."